வன்னி வானிலிருந்து குறைந்த திணிவுக் கிரகண இரட்டை விண்மீன்களை அளத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரகண இரட்டை விண்மீன் என்றால் என்ன? குறைந்த திணிவு உள்ளவற்றை ஏன் தனியாகப் பார்க்கிறோம்?

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தச் சுற்றுத்தளம் எங்கள் பார்வைக்கு விளிம்புப் பக்கமாக அமைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை ஒன்று மற்றதை மறைக்கும். எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளியின் பிரகாசம் ஒழுங்கு தவறாமல் இறங்கி ஏறுவது மட்டுமே எங்களுக்குக் கிடைக்கும் சாட்சி. பிரகாசத்தை நேரத்துக்கு எதிரே வரைந்தால் வருவது ஒளிவளையி.

சூரியத் திணிவின் முக்கால் பங்குக்கும் கீழே உள்ள செங்குறு விண்மீன்களில் (சிறிய, குளிர்ந்த, சிவந்த விண்மீன்கள்) ஒரு பழைய முரண்பாடு இன்னும் தீரவில்லை. அளந்த ஆரை, கோட்பாடு சொல்லும் ஆரையைவிட 5 முதல் 10 சதவீதம் வரை பெரிதாக வருகிறது. மேற்பரப்பு வெப்பநிலை கணிப்பைவிடக் குறைவாக வருகிறது. நெருக்கமான இரட்டைகள் ஈர்ப்பினால் பூட்டப்பட்டு வேகமாகச் சுழல்வதால் காந்தப்புலம் வலுக்கிறது, அது மேற்காவுகையை, அதாவது சூடான வாயு மேலெழுந்து வெப்பம் கடத்துவதை, தடுக்கிறது, கரும்புள்ளிகள் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆனால் 0.35 சூரியத் திணிவுக்குக் கீழே, உள்முழுதும் மேற்காவுகை நடக்கும் விண்மீன்களிலும் சில சதவீதம் மிஞ்சி நிற்கிறது. செங்குறு விண்மீன்களைச் சுற்றும் கிரகங்களின் ஆரையைத் தாய் விண்மீனின் ஆரையிலிருந்தே கணக்கிடுகிறார்கள். அதனால் இந்த வழு அங்கேயும் தொற்றும்.

பிரகாசத்தை மட்டும் அளந்தால் என்னென்ன தெரியும்?

ஆவர்த்தன காலம் (ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம்), சுற்றுத்தளத்தின் சாய்வு, இரு விண்மீன்களின் வெப்பநிலை விகிதம், சுற்றுப்பாதையோடு ஒப்பிட்ட ஆரைகள் ஆகியவை தெரியும். திணிவு தெரியாது. அதற்கு நிறமாலையில் இருந்து ஆரைத்திசை வேகம் (விண்மீன் எங்களை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) வேண்டும். அது பெரிய ஆய்வகங்களின் வேலை. பகுதிக் கிரகணமாகவும் இரண்டு விண்மீன்களும் ஏறக்குறைய ஒரேமாதிரியும் இருந்தால், இரண்டு ஆரைகளின் கூட்டுத்தொகை நன்றாக வரும், விகிதம் வழுக்கும். "எனது மாதிரியில் ஆரை விகிதம் 0.97" என்று ஒரே ஒரு இரவுத் தரவோடு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரேமாதிரியான இரண்டு விண்மீன்களில் ஒன்று மற்றதை முழுதாக மறைத்தால் ஒளி பாதியாகும், அது 0.75 மக்னிடியூட் (விண்மீன் பிரகாசத்தின் அலகு; எண் கூடக்கூட விண்மீன் மங்கல்). இரண்டும் சாதாரண செங்குறு விண்மீன்களாக, சம பிரகாசத்தோடு இருக்கும்போது அதைவிட ஆழமான இறக்கம் வந்தால், முதலில் உங்கள் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள்.

வன்னியில் எந்த மாதங்கள் கைகொடுக்கும்?

பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் முதல் தரம். வாடைக்காற்றின் மழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடந்தும் இழுபடும். அந்த மாதங்களில் ஒரு முழு இரவு கிடைத்தால் அதிர்ஷ்டம். மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடிமழை வந்து இரவு துடைத்துவிட்டதுபோல் திறப்பதும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வானம் பெரும்பாலும் திறந்திருந்தாலும் சோளகக் காற்று தொலைநோக்கியை உலுக்கும். காற்றுக்கு மறைப்பாக ஓர் ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி அல்லது தறப்பாள் கட்டினால் பாதிப் பிரச்சினை போகும்.

காலபோக அறுவடைக் காலத்தில் வேறொரு தொல்லை இருக்கிறது. சூடடிக்கும் இயந்திரத்தின் தூசியும் வயலில் எரிக்கும் வைக்கோலின் புகையும் தாழ நிற்கும். கண்ணுக்கு வானம் நல்லதாகத் தெரிந்தாலும் அடிவானத்தை நோக்கி ஒளி உறிஞ்சல் மணிக்கு மணி மாறும். அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் உள்ள விண்மீன்களோடு நின்றுகொள்ளுங்கள்.

எந்த விண்மீனில் பழகலாம்?

கன்னி விண்மீன் கூட்டத்திலுள்ள எச்டபிள்யூ வேர்ஜினிஸ். இது சூடான துணைக்குறளி (சூரியனைவிடச் சிறிய, மிகச் சூடான விண்மீன்) ஒன்றும் சூரியத் திணிவில் சுமார் 0.14 பங்கு கொண்ட செங்குறு விண்மீன் ஒன்றும் சேர்ந்த சோடி. ஆகவே நாங்கள் தேடும் வகையின் தூய மாதிரி அல்ல. ஆனால் பழக இதைவிட நல்லது கிடையாது. ஆவர்த்தன காலம் 0.11672 நாள், அதாவது 2 மணித்தியாலம் 48 நிமிடம். பிரகாசம் 10.5 அளவில் நிற்கும்; முதன்மைக் கிரகணத்தில் (இரண்டில் ஆழமானதில்) ஏறக்குறைய முக்கால் மக்னிடியூட் விழும்; விழுந்து எழ 20 நிமிடம் சொச்சம். வான நடுவரைக்குத் தெற்கே 9 பாகைக்குள் இருப்பதால் கிளிநொச்சியில் 72 பாகை உயரம் வரை ஏறும். மார்ச் இரவொன்றில் ஏழரை மணித்தியாலம் 30 பாகைக்கு மேல் நிற்கும். இரண்டு முதன்மைக் கிரகணம் நிச்சயம்.

ஒளிவளையியில் இன்னொன்றும் தெரியும். கிரகணங்களுக்கு இடையே பிரகாசம் மெதுவாக ஏறி இறங்கும். சூடான விண்மீன் தன் குளிர்ந்த துணையின் ஒரு முகத்தைச் சுடுவதால், அந்த முகம் எங்கள் பக்கம் திரும்பும்போது ஒளி கூடுகிறது.

பிறகு?

கடகத்திலுள்ள சியூ கான்கிரி பெப்ரவரி இரவுகளில் எங்கள் உச்சந்தலைக்கு அண்மையில் வரும்: 0.43, 0.40 சூரியத் திணிவுகள், 2.77 நாள், பிரகாசம் 11.9. இதற்கு 12 விகலை (ஒரு விகலை பாகையின் 3600இல் ஒரு பங்கு) தள்ளி இன்னொரு செங்குறு விண்மீன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குவியம் தளர்ந்தால் இரண்டும் கலந்துவிடும். மீனத்திலுள்ள டிவி பிசியம் 0.3085 நாளில் சுற்றும், கரும்புள்ளிகள் நிறைந்தது, 10.6 அளவுப் பிரகாசம். செப்டெம்பரில் மழைக்கு முந்தி பிடிக்கவேண்டும்.

வைவை ஜெமினோரம் புகழ்பெற்றது. 1926இலிருந்து கிரகண இரட்டை என்று அறியப்பட்டது, இரண்டும் 0.6 சூரியத் திணிவு, 0.814 நாள். பிரகாசம் 9 என்பதால் இலகு என்று தோன்றும். இலகு அல்ல. மிதுனத்தின் கஸ்ரர் விண்மீனிலிருந்து 70 விகலை அளவுதான் தூரம். அந்தக் கண்கூசும் ஒளியின் பரவல் பின்னணி அளவீட்டைக் கெடுக்கும். தொடக்கத்தில் இதை விட்டுவிடுங்கள்.

சிஎம் டிராகோனிஸ் இந்த வகையின் அடிப்படை எடுத்துக்காட்டு: 0.23, 0.21 சூரியத் திணிவு, 1.268 நாள், பிரகாசம் 12.9, ஒவ்வொரு கிரகணமும் ஒன்றேகால் மணித்தியாலம். வடக்கே 57 பாகையில் இருப்பதால் வன்னியில் 42 பாகைக்கு மேல் ஏறாது. ஏப்ரல், மே மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் முயலலாம்.

என்ன கருவிகள் வேண்டும்?

80 முதல் 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி, விண்மீனைத் தொடரும் மோட்டர் தாங்கி, குளிரூட்டிய கறுப்பு வெள்ளைக் கமரா, ஒளியளவீட்டுக்கான வீ (பச்சை மஞ்சள்) அல்லது ஆர் (சிவப்பு) பில்டர். எச்டபிள்யூ வேர்ஜினிஸ் மட்டும் என்றால் 200 மில்லிமீற்றர் எப் 2.8 லென்ஸ் மாட்டிய சாதாரண டிஎஸ்எல்ஆர் கமராவும் தொடர்தாங்கியும் போதும்: ரோ கோப்பாக எடுத்து பச்சைக் கூறை மட்டும் பிரித்து அளக்கவேண்டும். ஜேபெக் கோப்பு வேண்டவே வேண்டாம். கமரா தானாகவே ஒளியை வளைத்துவிடும்.

செங்குறு விண்மீன்கள் சிவப்பிலும் அகச்சிவப்பின் ஓரத்திலும்தான் ஒளி கொட்டுகின்றன. வீ பில்டரில் 60 செக்கன் தேவைப்படும் இடத்தில் ஆர் அல்லது ஐ (அகச்சிவப்பின் ஓரம்) பில்டரில் பாதியும் தேவைப்படாது. பணம் ஒரு பில்டருக்குத்தான் உண்டு என்றால் ஆர் வாங்குங்கள். அழகுப் படத்துக்கு விற்கும் சிவப்பு பில்டரால் கிரகண நேரத்தைத் துல்லியமாக எடுக்கலாம். மற்றவர்களின் மக்னிடியூட்டோடு ஒப்பிட முடியாது.

துருவ விண்மீன் எங்கள் வளவில் தெரிவதே இல்லை. தாங்கியை எப்படி நேர்ப்படுத்துவது?

வன்னியில் துருவ விண்மீன் 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். பனை வடலியும் வேலியும் அதை மறைத்துவிடும். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று இடங்களில் படம் எடுத்து நேர்ப்படுத்தும் வசதி உண்டு. துருவம் தெரியத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் தாங்கியிலேயே இருக்கிறது. குளிர் நாடுகளை நினைத்துச் செய்த பல தாங்கிகள் 10 அல்லது 15 பாகைக்குக் கீழே இறங்க மாட்டா. அதோடு எடைத்தண்டு நேரே கீழே தொங்கி முக்காலியில் முட்டும். முக்காலியின் ஒற்றைக் காலைத் தெற்கே திருப்புங்கள். அப்போது வடக்குப் பக்கம் இரண்டு கால்களுக்கிடையே இடைவெளி வரும், எடைத்தண்டு அதற்குள் அசையும். பிறகு தெற்குக் காலை உயர்த்தினால் முழுத் தாங்கியும் வடக்கே சாயும். கால்களின் இடைவெளி வடக்குத் தெற்காக 70 சென்ரிமீற்றர் என்றால், 15 பாகையை 9 ஆக்க ஏறக்குறைய ஏழரை சென்ரிமீற்றர் உயர்த்தவேண்டும். காலுக்குக் கீழே செங்கல் வைப்பதைவிட காலையே நீட்டுவது பாதுகாப்பு. மணல் தரையில் மூன்று கால்களுக்கும் கீழே பலகைத் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் பனி ஊறி நள்ளிரவில் ஒரு கால் புதையும்.

மின்சாரம் இல்லாத இடத்தில் எவ்வளவு பற்றரி தேவை?

தாங்கி 1 அம்பியர், குளிரூட்டும் கமரா 2.5, பனிச்சூடாக்கி 1, சிறு கணினி 1.5. மொத்தம் 6 அம்பியர். எட்டு மணித்தியாலத்துக்கு 48 அம்பியர் மணி. ஈய அமில பற்றரியைப் பாதிக்குக் கீழே வடிய விட்டால் விரைவில் செத்துப்போகும். ஆகவே 12 வோல்ற் 100 அம்பியர் மணி. வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் வோல்ற்றளவு விழுந்து, பற்றரியில் சார்ஜ் இருக்கும்போதே தாங்கி நின்றுவிடும். இரவு மூன்று மணிக்குத் தாங்கி காரணமில்லாமல் மறுதொடக்கம் செய்தால் முதலில் வயரைப் பாருங்கள்.

கமராவை எத்தனை பாகைக்குக் குளிரூட்டலாம்?

இரவு வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் என்றால் சுழியம் அல்லது கழித்தல் 5. வெளிநாட்டார் சொல்லும் கழித்தல் 20ஐ இங்கே தொட முடியாது; தொட முயன்றால் குளிரூட்டி நூறு வீதத்தில் ஓடியும் வெப்பநிலை ஆடிக்கொண்டிருக்கும், டார்க் படங்கள் (மூடியை மூடி எடுத்து, கமராவின் இரைச்சலைக் கழிக்க உதவும் படங்கள்) பொருந்தாது. ஈரப்பதன் கூடியதால் உணரிக்கு முன்னுள்ள கண்ணாடியில் நீர் படியும். சிலிக்கா ஜெல்லை மாரிக்கு முன்னரும் பின்னரும் மாற்றுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் என்றால் உப்புப் படிவைக் கருதி லென்ஸை மூடாமல் விட்டுப் போகாதீர்கள்.

பிளாட் படம் எடுக்க நேரமே போதவில்லையே?

பிளாட் என்பது சீரான வெளிச்சத்தை எடுத்து, தூசி நிழலையும் ஓர மங்கலையும் திருத்த உதவும் படம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று இருண்டுவிடும். வானத்தில் பிளாட் எடுக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. வெள்ளை பெனியன் துணியை இரண்டு மடிப்பாகத் தொலைநோக்கி வாயில் இறுக்கிக் கட்டி, சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு மேலே நோக்கி 20 படம் எடுங்கள். உச்ச அளவின் பாதியளவில் எண்ணிக்கை நிற்கட்டும். பில்டரையோ குவியத்தையோ பிறகு தொட்டால் அந்தப் பிளாட் பழுது.

ஒரு படத்துக்கு எத்தனை செக்கன்?

இரண்டு கட்டுப்பாடு உண்டு. கிரகணத்தின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது; 20 நிமிடக் கிரகணத்துக்கு ஒரு நிமிடம்தான் உச்சம், 30 செக்கன் நல்லது. மறுபக்கம், 65535 வரை எண்ணும் கமராவில் இலக்கினதும் ஒப்பீட்டு விண்மீன்களினதும் (இலக்கோடு ஒப்பிட எடுக்கும் பக்கத்து விண்மீன்கள்) உச்சம் 20,000 முதல் 40,000க்குள் நிற்கவேண்டும். 10 செக்கனுக்குக் குறைந்தால் காற்றின் மினுக்கமே அளவில் ஏறிவிடும். பிரகாசமான விண்மீனுக்குக் குவியத்தைச் சிறிது கலைத்து நேரத்தைக் கூட்டுங்கள். சைகை இரைச்சல் விகிதம் 200 என்றால் வழு ஏறக்குறைய 0.005 மக்னிடியூட்.

ஒப்பீட்டு விண்மீனை எப்படித் தெரிவுசெய்வது?

அளவீட்டின் உயிர் இதில்தான். வானம் மங்கினால் இலக்கும் பக்கத்து விண்மீனும் சேர்ந்தே மங்கும். ஆகவே வித்தியாசத்தை மட்டும் அளக்கிறோம். ஆனால் காற்று நீலத்தைச் சிவப்பைவிடக் கூட உறிஞ்சும். சிவந்த செங்குறு விண்மீனை நீலம் கலந்த விண்மீனோடு ஒப்பிட்டால், இரண்டும் சரியும்போது வித்தியாசம் தானாகவே நகரும். கிரகணமே இல்லாத இரவில் ஒளிவளையி ஒரு பக்கம் சாய்வது பெரும்பாலும் இதனால்தான். அளவு சிறியது, 0.02 மக்னிடியூட் இருக்கலாம், ஆனால் கரும்புள்ளியின் விளைவும் அதே அளவுதான்.

விண்மீன்களை அளந்த காயா விண்கலத்தின் தரவில் நிறம் பார்த்து, இலக்குக்கு முடிந்தளவு நெருங்கிய நிறமுள்ள மூன்று நான்கு விண்மீன்களை ஒரே படத்துக்குள் தெரிவுசெய்யுங்கள். மிகச் சிவந்தவற்றை விலக்குங்கள். அவை பெரும்பாலும் இராட்சத விண்மீன்கள், தாங்களே மாறுவன. ஒன்றைச் சோதனை விண்மீனாக ஒதுக்கிவையுங்கள். அது நேர்கோடாக நிற்காவிட்டால் அந்த இரவின் முடிவு எதையும் நம்பமுடியாது.

நேரம் எவ்வளவு துல்லியமாக வேண்டும்?

ஒரு செக்கன். மடிக்கணினியின் கடிகாரம் ஓரிரவில் சில செக்கன் ஓடிவிடலாம். கைத்தொலைபேசி இணைப்பில் நேரச் சேவையகத்தோடு மணிக்கொரு தடவை ஒத்திசையுங்கள், சமிக்ஞை இல்லாத இடத்தில் யூஎஸ்பி ஜிபிஎஸ் வையுங்கள். பல மென்பொருள்கள் படம் தொடங்கிய நேரத்தையே பதியும். 60 செக்கன் படத்தில் அதை நடுநேரமாக மாற்ற மறந்தால் உங்கள் கிரகணம் 30 செக்கன் முந்திவிடும்.

வானியலாளர் நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் உலக நேரம் நண்பகலில், அதாவது எங்கள் பின்னேரம் 5.30க்கு மாறுகிறது. வன்னியின் ஓர் இரவு முழுவதும் ஒரே ஜூலியன் நாளுக்குள் அடங்கிவிடும். தசமத்தை 24ஆல் பெருக்கி 5.30 உடன் கூட்டினால் போதும்: .2083 என்றால் 5 மணித்தியாலம், இரவு 10.30.

பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி எங்களிடம் 8 நிமிடம் வரை முந்தியோ பிந்தியோ வரும். ஆகவே நேரத்தைச் சூரிய மண்டலத்தின் திணிவு மையத்துக்கு மாற்றிச் சொல்லவேண்டும். உலக நேரத்துக்கும் அங்கே பயன்படும் ஒருசீர் நேரத்துக்கும் இடையே 2017 தொடக்கம் 69.18 செக்கன் வித்தியாசம். எந்த நேரத்தில் எழுதினீர்கள் என்று குறிப்பிடாத அளவு பிறருக்குப் பயன்படாது.

அடுத்த கிரகணம் எப்போது என்று கணிப்பது எப்படி?

தெரிந்த ஓர் இழிவு நேரத்துடன் (கிரகணத்தில் ஒளி மிகக் குறையும் நேரம்) ஆவர்த்தன காலத்தை முழுவெண் தடவைகள் கூட்டுங்கள். பழைய இழிவு நேரத்தை எடுக்காதீர்கள். காலத்தில் 0.00001 நாள் பிழை என்றால் 1000 சுற்றில் 14 நிமிடம் தவறும். கணித்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே தொடங்கி, முடிந்த பின்னும் முக்கால் மணித்தியாலம் தொடருங்கள். கிரகணத்தின் இரு தோள்களும் இல்லாத தரவு அரைவாசிப் பயன்தான் தரும்.

படங்களிலிருந்து எண்கள் எடுப்பது எப்படி?

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே, முனிவின் இரண்டும் இலவசம். டார்க், பிளாட் திருத்தம் செய்து, படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி வட்டம் போடுங்கள். வட்டத்தின் ஆரை, விண்மீன் படத்தின் அரை உயர அகலத்தின் (உச்சப் பிரகாசத்தின் பாதியில் உள்ள அகலம்) ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. இரண்டு மூன்று ஆரைகளில் முயன்று சோதனை விண்மீனின் சிதறல் எதில் குறைகிறதோ அதை எடுங்கள்.

வளையி சட்டென்று ஒரு படி குதித்தால்?

நேரத்தைப் பாருங்கள். விண்மீன் உச்சி வட்டத்தை (வடக்குத் தெற்காக உச்சி வழியே செல்லும் கோட்டை) கடந்து தாங்கி மறுபக்கம் புரண்ட நேரமென்றால் பிழை பிளாட் படத்தில். விண்மீன்கள் உணரியின் வேறு இடத்தில் விழுந்துவிட்டன. கிரகணத்தின் நடுவில் புரள்வு வராதபடி முதலே திட்டமிடுங்கள். எல்லா விண்மீனும் ஒன்றாக மங்கினால் மெல்லிய முகில் அல்லது லென்ஸில் பனி. ஒரு சில நிமிடத்தில் ஏறி மெதுவாக இறங்கும் கூர்ப்பு இலக்கில் மட்டும் தெரிந்தால் அதை அழிக்காதீர்கள். செங்குறு விண்மீன்கள் எரிமூச்சு விடும். நீலத்துக்குப் போகப் போக அது பெரிதாகும்.

கிரகணங்களுக்கு இடையிலுள்ள இரண்டு மேடுகளும் சமமில்லாவிட்டால் அது பெரும்பாலும் கரும்புள்ளி. மாதங்கள் செல்லச் செல்ல புள்ளி நகரும், மேடுகள் இடம் மாறும். ஒரே விண்மீனை மூன்று பருவம் தொடர்ந்து பார்க்கும் ஒருவர், பத்து விண்மீனைத் தலைக்கொரு தடவை பார்ப்பவரைவிடப் பயனுள்ளது செய்கிறார்.

இழிவு நேரத்தை எடுத்து என்ன செய்வது?

நோக்கிய நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்து, சுற்று எண்ணுக்கு எதிரே வரையுங்கள். சாய்ந்த நேர்கோடு என்றால் ஆவர்த்தன காலத்தில் சிறு பிழை. பரவளைவு என்றால் காலமே மாறுகிறது. அலை என்றால் மூன்றாவது பொருள் ஒன்று இருக்கலாம், அல்லது காந்தச் சுழற்சியாகவும் இருக்கலாம். அவசரம் வேண்டாம்: எச்டபிள்யூ வேர்ஜினிஸின் அலைக்கு 2009இல் இரண்டு துணைப்பொருள்கள் என்று ஒரு விளக்கம் வந்தது; பின்னால் வந்த நேரங்கள் அந்தக் கோட்டில் விழவில்லை.

இழிவைக் கணிக்க 1956இல் வந்த க்வீ, வான் வூர்டன் முறை வழக்கம். அது இறக்கமும் ஏற்றமும் சமச்சீர் என்று எடுத்துக்கொள்ளும். கரும்புள்ளி வளையியைச் சரித்திருந்தால் பிழைக்கும். அது தரும் வழு பெரும்பாலும் உண்மையைவிடச் சிறியது.

தொலைநோக்கி இல்லாத மாணவர் என்ன செய்யலாம்?

விண்மீன்களின் பிரகாசத்தைத் தொடர்ந்து அளக்க 2018இல் ஏவிய டெஸ் விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் இலவசம். இரண்டு நிமிட இடைவெளி ஒளிவளையிக் கோப்பு ஒன்று சில மெகாபைற்தான். கைத்தொலைபேசி டேற்றாவிலேயே இறக்கலாம். பைத்தனில் லைட்கேர்வ் என்ற பொதி அதைத் திறக்கும். அதன் ஒரு படப்புள்ளி 21 விகலை அகலம், ஆகவே பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்து கிரகணம் ஆழம் குறைந்து தெரியும். வைவை ஜெமினோரத்துக்கு அங்கேயும் கஸ்ரர்தான் எதிரி.

அளவுகளை எங்கே அனுப்புவது?

1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் எந்த நாட்டாரிடமிருந்தும் ஏற்கும். பெயரைப் பதிந்து நோக்குநர் குறியீடு பெற்று, பில்டர், ஒப்பீட்டு விண்மீன், வழு மூன்றும் ஒவ்வொரு வரியிலும் வரும்படி கோப்பை ஏற்றுங்கள். தேடுவரைபடமும் அங்கேயே எடுக்கலாம்.

இரவில் வெளியே இடம் பிடிப்பதில் கவனிக்கவேண்டியவை?

வீட்டு முற்றமே நல்லது. குளக்கட்டில் வானம் முழுதும் தெரியும், ஆனால் ஈரமும் காற்றும் அதிகம், யானை தண்ணிக்கு வரும் வழியும் அதுதான். மண்டையோட்டுப் பலகை நிற்கும் காணிக்குள்ளும், வெடிபொருள் அகற்றி முடித்ததாகச் சொல்லப்படாத பற்றைக்குள்ளும் காலே வைக்கவேண்டாம், வானம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும். புடையன் இரவில்தான் நடமாடும். முழங்கால் அளவு பூட்ஸ் போடுங்கள், தரையில் கிடக்கும் வயரை எடுக்குமுன் சிவப்பு டோர்ச்சை விட்டு வெள்ளை டோர்ச் அடியுங்கள். இருட்டில் குழாய்போல ஒன்றை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்பதால் அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் முன்னதாகவே சொல்லிவையுங்கள். ஒரு தடவை அவர்களுக்கு வியாழனின் நிலவுகளைக் காட்டிவிட்டால், கிரகணம் நடக்கும் நேரத்தில் வாசல் லைட்டை அவர்களே அணைத்துவிடுவார்கள்.